“ஆள் கிடைக்கவில்லை” என்று எழுதப்பட்ட நான்கு பதவிகள்: தென் கெடா தோட்ட நகரில் ஒரு மென்பொருள் நிறுவனம், 2021–2025

பின்னணி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் இடைப்பட்ட பகுதி ஒரு காலத்தில் முழுக்க ரப்பர்; இன்று செம்பனை (எண்ணெய்ப் பனை). லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்தவர்களின் பிள்ளைகள் தாமான் எனும் குடியிருப்புப் பேட்டை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கூலிம் பாலிடெக்னிக்கிலும் பீடோங்கில் உள்ள பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு வேலை தேடுகிறார்கள். 1996-ல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. பாலம் தாண்டினால் பினாங்கில் பாயான் லெப்பாஸ். 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். கணினி படித்த பிள்ளை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்தத் திசையில் போகிறான் என்பதைச் சம்பளம்தான் முடிவு செய்கிறது.

இந்த ஆய்வில் வரும் நிறுவனம் ஒரு கடைவீட்டின் மேல் இரண்டு மாடிகளில் இயங்கியது. மொத்தம் 34 பேர், எல்லாரும் மலேசியர். அவர்களில் 7 பேர் நிரலாளர்கள், 12 பேர் களத்துக்கும் ஹெல்ப்டெஸ்க்குக்குமான உதவிப் பணியாளர்கள். செய்த பொருள் இரண்டு. ஒன்று தோட்ட அலுவலகங்களுக்கான செக்ரோல் மென்பொருள்: யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எத்தனை குலை வெட்டினார், எத்தனை மூட்டை உதிரிப் பழம் பொறுக்கினார், அட்வான்ஸ் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற கணக்கு. மற்றொன்று செம்பனை ஆலைகளில் லோரியோடு எடை பார்க்கும் எடைமேடைக்கான மென்பொருள். இரண்டும் பழைய விண்டோஸ் நிரல்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சர்வர் பெட்டி வைத்து ஓட்டினார்கள். நிரலாளர்களின் சம்பளம் 2,800 முதல் 3,400 ரிங்கிட் வரை.

ஆட்களின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே இல்லை. நடந்த வரிசையும் கணக்கும் அப்படியே தரப்பட்டுள்ளன.

2021: எடுத்த முடிவும் அதன் காரணமும்

2021 நடுவில் இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள், அடுத்த ஆண்டு ஜூனுக்குள் எல்லாம் இணைய வழியில் ஓட வேண்டும், கங்காணி கைப்பேசியிலேயே செக்ரோல் பதிய வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு வேண்டிய ஜாவா நிரல் மொழியில் உள்ளூர் நிரலாளர் எழுவருக்கும் அனுபவம் இல்லை. நிறுவனத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. எழுவரையும் பயிற்றுவிக்க ஒன்பது மாதம் ஆகும் என்று கணக்கிட்டார்கள், கெடு தவறிவிடும். பினாங்கிலிருந்து அனுபவசாலிகளை அழைத்தபோது அவர்கள் கேட்டது 6,500 ரிங்கிட். மூன்றாவது வழி, தமிழ்நாட்டிலிருந்து நான்கு பேரை எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு வல்லுநருக்கான வேலை அனுமதியில்) கொண்டுவருவது. அதைத் தேர்ந்தார்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு எடுக்கும் ‘பெர்மிட்’ வேறு, எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேறு. பெர்மிட்டுக்கு ஆண்டுதோறும் லெவி (முதலாளி அரசுக்குக் கட்டும் கட்டணம்) உண்டு, துறைவாரியாக ஒதுக்கீடு உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு லெவி கிடையாது, சம்பளம்தான் வாசற்படி. அப்போதைய விதிப்படி மாதம் 10,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் என்றால் முதல் பிரிவு, ஐந்தாண்டு வரை. 5,000 முதல் 9,999 வரை இரண்டாம் பிரிவு, இரண்டாண்டு வரை. 3,000 முதல் 4,999 வரை மூன்றாம் பிரிவு, ஓராண்டு வரை. நால்வரும் இரண்டாம் பிரிவில் வந்தார்கள்: மூவருக்கு 5,200, தரவுத்தள வல்லுநருக்கு 7,000. முழுக்க உள்நாட்டவருக்குச் சொந்தமான நிறுவனம் என்பதால் செலுத்திய மூலதனம் 250,000 ரிங்கிட் இருந்தால் போதும், அது இருந்தது.

2021 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, வெளிநாட்டவருக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையைச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் விளம்பரம் செய்து, நேர்முகத்தின் முடிவையும் அங்கேயே பதிய வேண்டும். நிறுவனம் 30 நாள் விளம்பரம் செய்தது. 41 விண்ணப்பம், 6 நேர்முகம், தேர்வு ஒருவரும் இல்லை. பதிவில் எழுதியது: “தகுதியான உள்நாட்டவர் கிடைக்கவில்லை.”

சிக்கலின் வேர் இந்த விளம்பரத்தில்தான் இருந்தது. ஏழாண்டு ஜாவா அனுபவம் கேட்டிருந்தார்கள். அந்த வேலைக்கு மூன்றாண்டு போதும் என்பதைப் பின்னால் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். நேர்முகத்துக்கு வந்த அறுவரில் மூவர் நான்காண்டு அனுபவம் உள்ளவர்கள். அவர்கள் தட்டிப்போனது சம்பளத்தில், திறமையில் அல்ல. ஆகவே உண்மையில் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் “5,200 ரிங்கிட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை” என்பது. இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரம் பெரிது. முதலாவது நாட்டில் திறமை இல்லை என்கிறது. இரண்டாவது இந்த விலைக்கு இல்லை என்கிறது. அமெரிக்காவின் எச்-1பி விசாவில் அந்தத் தொழிலுக்கு அந்த வட்டாரத்தில் நிலவும் ஊதியம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மலேசியாவில் அப்போது எந்தத் தொழிலானாலும் எந்த ஊரானாலும் ஒரே எண். கோலாலம்பூரில் தாழ்வாகத் தெரியும் 5,000, தோட்ட நகரில் உள்ளூர் நிரலாளரின் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு.

ஒரே சம்பளம் கொடுத்தாலும் முதலாளிக்கு ஆகும் செலவு ஒன்றல்ல. அப்போது 5,200 வாங்கிய உள்நாட்டவருக்கு ஊழியர் சேமநிதி 12 விழுக்காடு, அதாவது 624. சொக்சோவும் வேலை காப்புறுதியும் சேர்ந்து சுமார் 77. மனிதவள மேம்பாட்டு லெவி 1 விழுக்காடு, 52. ஆக மாதம் சுமார் 750 கூடுதல். வெளிநாட்டவருக்கு அப்போது சேமநிதி கட்டாயம் இல்லை. வேலையிடக் காயத்துக்கான சொக்சோ சுமார் 50 மட்டும். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவருக்கும் இரு தரப்பும் 2 விழுக்காடு சேமநிதி செலுத்த வேண்டும் என்று வந்தபின் இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

2022: கவனித்தவை

நால்வரும் 2021 டிசம்பர் கடைசியில் வேலையில் சேர்ந்தார்கள். முதல் மனக்கசப்பு சம்பளத்தில் தொடங்கியது. “அவங்களுக்கு ஐயாயிரத்து இருநூறு வெள்ளி, நமக்கு மூவாயிரத்து நானூறு” என்ற பேச்சு (ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்பார்கள்) இரண்டே வாரத்தில் மாடி முழுக்கப் பரவியது. சம்பளச் சீட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. வெளிநாட்டவர் 182 நாள் தங்கும்வரை வரிக்கணக்கில் வசிப்பாளர் அல்ல என்று வைத்து 30 விழுக்காடு பிடித்தார்கள். 5,200-ல் 1,560 போய்க் கையில் 3,640. ஆண்டுக் கணக்கு முடித்துத் திரும்பப் பெறலாம், ஆனால் அது அடுத்த ஆண்டு. உள்ளூர் நிரலாளருக்கு 3,400-ல் சேமநிதி 374, சொக்சோ முதலிய சில்லறைப் பிடித்தம் போக 3,000-ஐ ஒட்டி வந்தது. பிடித்த 374 அவர் பெயரிலேயே சேமிப்பாக நின்றது. முதல் ஆறு மாதம் கைக்கு வந்ததில் வித்தியாசம் 640 ரிங்கிட்தான். நால்வரில் ஒருவர் ஊரில் ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்திருந்தார். ஞாயிறு இரவு வேலை என்றால் அவர் மறுக்கவே இல்லை. பாஸ் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் பாஸும் போகும். அவர் மறுக்காததால், உள்ளூர்க்காரர் மறுத்தது சோம்பல் போலத் தெரிந்தது. இதை நிர்வாகத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது, எடைமேடைத் தவறு. 2022 ஏப்ரலில் புதிய மென்பொருள் ஓர் ஆலையில் ஓடத் தொடங்கியது. மூன்றாம் நாள் எடைமேடைக் குமாஸ்தா ஹெல்ப்டெஸ்க்குக்கு அழைத்தார்: “தம்பி, அதே லோரிதான். ரெண்டு தடவ ஏத்துனா ரெண்டு கணக்கு காட்டுது.” வித்தியாசம் 20 முதல் 60 கிலோ வரை, சில லோரிக்குக் கூட, சில லோரிக்குக் குறைய. அந்த மாதங்களில் குலை விலை டன்னுக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. ஆகவே 60 கிலோ என்பது சிறுதோட்டக்காரருக்கு ஒரு லோரிக்கு அறுபது வெள்ளிக்கு மேல்.

காரணம் இது. மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்களின் கணக்கை, எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டி தொடர்ந்து சீரியல் கம்பி வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எடை நின்றுவிட்டதா, ஆடுகிறதா என்று இரண்டெழுத்துக் குறி இருக்கும்: நின்றால் ‘எஸ்டி’, ஆடினால் ‘யுஎஸ்’. லோரி ஏறிப் பிரேக் போட்டதும் சில விநாடி ஆடும். இஞ்சினை அணைக்காமல் நின்றால் இன்னும் ஆடும். வரிசையில் அறுபது லோரி நிற்கும் நாளில் யாரும் இஞ்சினை அணைப்பதில்லை. 2014-ல் உள்ளூர் நிரலாளர் எழுதிய பழைய நிரல், ‘எஸ்டி’ குறியோடு ஒரே எண் தொடர்ந்து ஐந்து முறை வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். புதிய நிரலுக்குக் கொடுத்த குறிப்பில் “எடையைப் படிக்கவும்” என்று மட்டும் இருந்தது. எழுதியவர் குறியைப் பார்க்காமல் முதலில் வந்த எண்ணை எடுத்துக்கொண்டார். கண்டுபிடிக்கப் பதினொரு நாள். திருத்த ஒரு பிற்பகல். கண்டுபிடித்தது பழைய நிரலை எழுதியவர். அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை; அவரைச் செக்ரோல் உதவி அழைப்புகளுக்கு மாற்றியிருந்தார்கள். புதியவரை ஒருமுறையாவது ஆலைக்கு அழைத்துப் போயிருந்தால் இது நடந்திராது. அவரிடம் திறமைக் குறை இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாத முடிவுச் செக்ரோல் கணக்குப் பழைய அமைப்பில் மூன்று மணி நேரம் ஓடும். தரவுத்தள வல்லுநர் வந்த இரண்டாம் மாதம் அதை 9 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளச் சீட்டுக்கும் முழு அட்டவணையையும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தது நிரல். தொழிலாளி எண், தேதி இரண்டையும் சேர்த்து, தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸ் போட்டார், அவ்வளவுதான். எழுவரில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. உள்ளூர்ப் பெண் நிரலாளர் ஒருவர், யாரும் சொல்லாமல், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கற்கத் தொடங்கினார். முறையான பயிற்சி என்று நடந்தது அந்த ஒன்றுதான். அதுவும் நிறுவனம் ஏற்பாடு செய்ததல்ல. மாதாமாதம் கட்டிய மனிதவள லெவி இரண்டாண்டாகத் தொடப்படாமல் கிடந்தது. அது பயிற்சிக்கென்றே உள்ள பணம்.

2021 முதல் 2023 நடுப்பகுதி வரை உள்ளூர் நிரலாளர் ஒருவரும் வேலை இழக்கவில்லை. ஒருவரும் மேலே ஏறவும் இல்லை. புதிய அமைப்பின் கோட் பெரும்பாலும் நால்வர் கையில். பழைய அமைப்பு மெல்ல மூடப்பட, எழுவரின் நாளில் பெரும்பகுதி தொலைபேசிக்குப் பக்கத்தில் கழிந்தது. எங்கள் கணிப்பில் சேதம் இங்கேதான் நேர்ந்தது. உதவிப் பணிக்கும் தலைமை நிரலாளர் நாற்காலிக்கும் நடுவே இருந்த படியை உருவிவிட்டார்கள். ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

2023: ஒன்றையொன்று மறுத்த இரண்டு தாள்கள்

2023 பிப்ரவரியில் நால்வரில் ஒருவர் சிங்கப்பூர் போய்விட்டார். செப்டம்பரில் பெரிய வாடிக்கையாளர் தன் குழுமம் முழுவதற்கும் ஒரே அமைப்பு என்று முடிவெடுத்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

மூவரின் பாஸும் டிசம்பரில் முடியவிருந்தது. அக்டோபர் 4-ஆம் தேதி குடிநுழைவுத் துறைக்குப் புதுப்பிப்பு விண்ணப்பம் போயிற்று: இந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் இல்லை. அக்டோபர் 18-ஆம் தேதி ஆட்குறைப்புப் பட்டியல் தயாரானது: ஒன்பது பேர், எல்லாரும் உள்நாட்டவர், அவர்களில் நால்வர் நிரலாளர்கள். பதினான்கு நாள் இடைவெளியில் ஒரே நிறுவனம், ஒரே துறையில், ஆள் இல்லை என்றும் ஆள் மிகுதி என்றும் எழுதியது. இரண்டையும் தயாரித்தவர்கள் வேறு வேறு மேசைக்காரர்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவில்லை.

ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பே தொழிலாளர் இலாகாவில் அதை அறிவிக்கும் பிகே படிவம் கொடுக்க வேண்டும். அதை எடுத்துப் போனபோது அதிகாரி கேட்ட முதல் கேள்வி, இதே வேலையில் வெளிநாட்டவர் இருக்கிறார்களா என்பது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60என் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆட்குறைப்பில், ஒத்த வேலையில் உள்ள வெளிநாட்டவர் அனைவரையும் முதலில் நிறுத்தாமல் உள்நாட்டவரை நிறுத்தக் கூடாது. 60எம் பிரிவு, வெளிநாட்டவரை வைப்பதற்காக உள்நாட்டவரை நீக்குவதைத் தடுக்கிறது. முன்பு இந்தச் சட்டம் பெரும்பாலும் 2,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்குவோருக்கே பொருந்தியது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா ஊழியருக்கும் விரிந்தது. 4,000-க்கு மேல் வாங்குவோருக்கு மிகைநேரம், ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை போன்ற சில பிரிவுகள் மட்டும் பொருந்தா. அலுவலகத்தில் இந்த மாற்றத்தை மிகைநேரக் கணக்குக்காகப் படித்தவர்கள் இருந்தார்கள். 60என் வரை யாரும் போகவில்லை.

முடிவும் அதற்கான சான்றும்

“ஒத்த வேலை” எது என்பதில்தான் தகராறு. பாஸ் விண்ணப்பத்தில் வெளிநாட்டவரின் பதவிப் பெயர் உயர்ந்த தோரணையில் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் வெறும் நிரலாளர்கள். நிர்வாகம் முதலில் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர்கள் பெயரை விட்டு, பதினெட்டு மாத கிட் பதிவையும் டிக்கெட் பட்டியலையும் எடுத்தார்கள். யார் எந்தக் கோப்பைத் திருத்தினார், எந்தக் கோளாறை முடித்தார் என்று அதில் நாள்வாரியாக இருந்தது. 5,200 வாங்கிய இருவரின் வேலை, உள்ளூர் நிரலாளரில் மூவர் 2023-ல் செய்த வேலையோடு பெரும்பாலும் ஒன்றாக இருந்தது: படிவங்கள், அறிக்கைகள், திருத்தங்கள். தரவுத்தள வல்லுநரின் வேலையை வேறு யாரும் செய்யவில்லை.

இதன்படி பட்டியல் மாறியது. இரு வெளிநாட்டவரின் புதுப்பிப்பு விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டு, அவர்கள் பணி முதலில் முடிக்கப்பட்டது. தரவுத்தள வல்லுநர் நீடித்தார். அவர் வேலை ஏன் ஒத்ததல்ல என்பது சான்றோடு எழுதி வைக்கப்பட்டது. அதன்பின் இரு உள்ளூர் நிரலாளர்களும் மூன்று உதவிப் பணியாளர்களும் நிறுத்தப்பட்டார்கள். கோலாலம்பூரில் இருந்த சிறு அலுவலகத்தை மூடியதில் மற்ற நான்கு உள்ளூர்ப் பதவிகள் தப்பின.

பிரிந்தவர்களுக்கான கணக்கில் இரண்டு தவறுகள் நடக்கவிருந்தன. ஆறாண்டு வேலை செய்து 3,400 வாங்கிய நிரலாளருக்கு முதலில் ஆண்டுக்கு 15 நாள் என்று போட்டிருந்தார்கள். ஐந்தாண்டுக்கு மேல் என்றால் 20 நாள். ஆண்டுச் சம்பளம் 40,800-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 111.78, 120 நாளுக்கு சுமார் 13,414 ரிங்கிட். முன்னறிவிப்பும் நான்கு வாரம் அல்ல, எட்டு வாரம். இரண்டாவது, வேலை காப்புறுதி. வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பித்தால் முதல் மாதம் கணக்கிட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு 50, 40, 40, 30, 30 என ஆறு மாதம் கிடைக்கும். அதைப் பிரியும் நாளில் சொல்வது வழக்கமில்லாதிருந்தது. இம்முறை விண்ணப்பத்தை அலுவலகத்திலேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள்.

வெளிநாட்டவர் இருவர் விஷயத்தில் நிறுவனம் செய்ய வேண்டியது வேறு. நாட்டை விட்டுப் போகும் ஊழியருக்காக முதலாளி 30 நாள் முன்பே வருமான வரி வாரியத்துக்குச் சிபி21 படிவம் கொடுக்க வேண்டும்; வரித் தீர்வு வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். இதை முன்கூட்டியே தொடங்காததால் கடன் வைத்திருந்தவர் ஐந்து வாரம் கையில் காசில்லாமல் காத்திருந்தார். அவருடைய அறை வாடகையை உள்ளூர் நிரலாளர்கள் பங்கு போட்டுக் கட்டினார்கள். ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் இருந்தவரும் அவர்களில் ஒருவர்.

பின்விளைவு

தரவுத்தள வல்லுநரின் பாஸ் நீட்டிக்கப்பட்டபோது நிறுவனம் தானாகவே ஒரு பக்கக் கையளிப்புத் திட்டத்தை அவர் ஒப்பந்தத்தோடு இணைத்தது. பக்கத்தில் நாற்காலி போட்ட அதே பெண் வாரிசாகக் குறிக்கப்பட்டார். முதல் மூன்று மாதம் அவர் பார்ப்பார். அடுத்த மூன்று மாதம் அவர் செய்வார், வல்லுநர் பார்ப்பார். ஏழாம் மாதம் முதல் வல்லுநர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. தேங்கிக் கிடந்த மனிதவள லெவிப் பணத்தில் அந்தப் பெண்ணுக்கும் இன்னொருவருக்கும் தரவுத்தளப் பயிற்சி கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் நான்கு தோட்டங்களின் தரவை அவர் தனியாகப் புதிய சர்வருக்கு மாற்றினார். ஒரு மேற்பார்வைக் குறையால் ஒரு தோட்டத்தின் உதிரிப் பழக் கணக்கு இருமுறை ஏறியது, அன்றே பிடித்தார். அவர் சம்பளம் 3,200-லிருந்து 4,600 ஆயிற்று.

எடைமேடை நிரலை 2014-ல் எழுதியவர் தப்பவில்லை. பாயான் லெப்பாஸில் 5,600-க்குச் சேர்ந்துவிட்டார். 2024 கடைசியில் இண்டிகேட்டர் வகை மாறியபோது நிறுவனம் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் வரவில்லை. சனிக்கிழமைகளில் மணிக்கணக்கில் ஆலோசனை மட்டும் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

விளம்பரம் எழுதும் முன், அந்த வேலையில் முதல் ஆறு மாதம் செய்யப்போகும் பத்துப் பணிகளை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு அனுபவம் உண்மையில் தேவை என்று அதே துறையில் உள்ள உள்ளூர் ஊழியரிடம் கேட்க வேண்டும். இந்த நிறுவனத்தில் கேட்டிருந்தால் ஏழு என்ற எண் வந்திராது. வேலையை வெளியில் போடும் முன் இரண்டு வாரம் உள்ளே போட வேண்டும்.

சம்பளத்தால் தட்டிப்போனவரைத் திறமையால் தட்டிப்போனவர் பட்டியலில் எழுதக் கூடாது. எத்தனை பேர் எந்தக் காரணத்தால் போனார்கள் என்று தனித்தனியே வைத்திருந்தால், 6,500 கொடுப்பதா, பாஸ் எடுப்பதா என்ற கேள்வியை நேராகப் பார்க்க முடியும். இங்கே 5,200-ஓடு வாடகைப் பங்கு, விமானச் சீட்டு, ஏஜெண்டுக் கட்டணம், பதினொரு நாள் எடைத் தவறுக்கு ஆலைக்குக் கொடுத்த தள்ளுபடி எல்லாம் சேர்த்த பிறகு, பினாங்குக்காரர் கேட்ட தொகைக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருக்கவில்லை.

வருகிறவரை முதல் வாரத்திலேயே தோட்ட அலுவலகத்திலும் எடைமேடையிலும் இரண்டு முழு நாள் உட்கார வைக்க வேண்டும், பழைய நிரலை எழுதியவரோடு. பாஸ் புதுப்பிப்புத் தாளும் ஆட்குறைப்புத் தாளும் ஒரே ஆள் கையெழுத்தில் போக வேண்டும்.

2026 ஜூன் 1 முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸின் சம்பள வாசற்படி உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது: மூன்றாம் பிரிவு 5,000 முதல் 9,999 வரை, இரண்டாம் பிரிவு 10,000 முதல் 19,999 வரை, முதல் பிரிவு 20,000-மும் அதற்கு மேலும், கீழ் இரண்டு பிரிவுக்கும் உள்ளூர் வாரிசுத் திட்டம் வேண்டும். திட்டத்தைத் தாளில் எழுதுவது எளிது. ஏழாம் மாதம் விசைப்பலகையை விட்டு எழச் சொல்வதுதான் கடினம். அதுவும் வல்லுநருக்கு மறு ஒப்பந்தம் கிடைக்குமா என்ற பயம் இருக்கும்போது. இந்த நிறுவனம் அவருக்குக் கையளிப்பு முடிந்தால் இரண்டு மாதச் சம்பளம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. 14,000 ரிங்கிட். கொடுத்தும்விட்டது.

2025 ஜனவரியில் ஒரு நிரலாளர் பதவிக்கு மறுபடி விளம்பரம் போட்டார்கள். மூன்றாண்டு அனுபவம், 4,800 ரிங்கிட், வேலையிடம் இதே ஊர். பதினேழு நாளில் தகுதியான உள்ளூர்க்காரர் ஐந்து பேர் வந்தார்கள். சேர்ந்தவர் அதுவரை தினமும் பாலம் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தவர்.